சக்கரத்தை மாற்றினால் மட்டம் மாறும்: கட்டை வண்டி முதல் பிக்கப் வரை

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நம் பக்கத்து இளைஞர்களிடம் ஒரு பழக்கம் பரவி வருகிறது. பிக்கப், ஜீப் வாங்கியதும் முன்பக்கத்தைத் தூக்கிப் பின்பக்கத்தோடு சமமாக்கி, கம்பெனி கொடுத்ததைவிடப் பெரிய டயர் மாட்டுகிறார்கள். "சார், பார்வைக்கு நல்லா இருக்குது, பள்ளம் மேட்டுல தட்டாது, இதுல என்னங்க சார் தப்பு?" என்று கேட்கிறார்கள். சட்டத்தைச் சொல்லி வாயை அடைத்துவிடலாம். அதைக் கடைசியில் சொல்கிறேன். சக்கரத்தை மாற்றி மட்டத்தைச் சரிசெய்யும் வேலை மூலனூர்ப் பக்கத்துக்குப் புதிதில்லை. நம் பாட்டன், அப்பன் காலத்தில் மாட்டு வண்டியிலேயே இது நடந்திருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்கான பதிலும் அதிலேயே கிடைக்கும்.

முதலில் கட்டை வண்டி.

1960களில் நான் சிறுவனாக இருந்தபோது மூலனூர், கன்னிவாடி, வெள்ளகோவில் வட்டாரத்தில் மரச்சக்கர வண்டிகளே அதிகம். சக்கரத்தின் உயரம் நாலரை அடி, ஐந்து அடி இருக்கும். நடுவில் குடம். குடத்திலிருந்து ஆரக்கால்கள். அவற்றின் நுனிகளைச் சேர்க்கும் வட்டைகள். வட்டையைச் சுற்றி இரும்புப் பட்டா. கருவேல மரம் இதற்குப் பேர் போனது.

பட்டா மாட்டும் நாள் எங்களுக்குத் திருவிழா. சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் சிறிதாக இரும்பு வளையத்தை அடித்து, வறட்டியும் விறகும் அடுக்கி நெருப்பு மூட்டிப் பழுக்கக் காய்ச்சுவார்கள். சூட்டில் விரிந்த வளையத்தை நாலு பேர் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தில் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். அது சுருங்கும்போது குடம், ஆரக்கால், வட்டை எல்லாவற்றையும் ஒரே பிடியாக இறுக்கிவிடும். வெப்பத்தால் உலோகம் விரிவடையும் என்ற பாடம் நடத்தும்போதெல்லாம் நான் சொன்ன உதாரணம் இதுதான். பலருக்கு நினைவிருக்கும்.

இவ்வளவு பெரிய சக்கரம் எதற்கு? சக்கரம் பெரிதாக இருந்தால் குழிக்குள் குறைவாக இறங்கும், கல் மேல் சுலபமாக ஏறும். கொரங்காட்டுக் கிளுவை வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரித் தடத்துக்கு அதுதான் சரி. இன்னொரு காரணமும் உண்டு. ஐந்தடிச் சக்கரம் என்றால் அச்சு இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். அச்சின் மேல் தெப்பக்கட்டை, அதன் மேல் வண்டி. அங்கிருந்து ஏர்க்கால் முன்னே போய் நுகத்தடியில் சேரும். காங்கேயம் காளையின் திமில் உயரம், ஏர்க்காலின் சாய்வு, அச்சின் உயரம் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தி இருந்தன. யாரும் காகிதத்தில் கணக்குப் போடவில்லை. தலைமுறை தலைமுறையாக ஆசாரிமார் கையில் இருந்த அளவு அது.

பாரம் ஏற்றுவதிலும் அதே கணக்குதான். சரக்கை முன்னால் தள்ளி ஏற்றினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். அது முன்பாரம். பின்னால் தள்ளி ஏற்றினால் ஏர்க்கால் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அது பின்பாரம். நல்ல வண்டிக்காரர் ஏற்றத்தில் முன்னால் நகர்ந்து உட்காருவார், இறக்கத்தில் பின்னால் நகருவார். தன் உடம்பையே எடைக்கல்லாக வைத்து மட்டம் பார்த்தவர் அவர்.

கட்டை வண்டிக்குக் குறையும் உண்டு. ஒடுக்கமான இரும்புப் பட்டா சாலையை அறுத்துவிடும். மோட்டார் வண்டிகள் வந்த பிறகு இது பெரிய தலைவலியானது. 1927இல் எம்.ஆர். ஜெயகர் தலைமையில் சாலைக் குழு அமைந்தது. அதன் பரிந்துரையால் 1929இல் பெட்ரோலுக்குக் கூடுதல் வரி போட்டு மத்திய சாலை நிதி உருவானது. சாலையை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் வேலை தொடங்கியது. அடுத்து மாட்டு வண்டியும் மாற வேண்டி வந்தது.

இங்கே கொஞ்சம் வெளியுலகம் போய் வருவோம்.

காற்றடைத்த டயருக்கு முதலில் காப்புரிமை பெற்றவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். வருடம் 1845. அது அப்போது எடுபடவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதை மறுபடி உருவாக்கினார். பிறகு சைக்கிள், கார், லாரி என்று உலகம் முழுக்கப் பரவியது.

டயருக்கு ரப்பர் வேண்டும். 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்த விதைகள், நாற்றாகி இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போயின. மலேயாவில் ரப்பர் தோட்டங்கள் பெருகியபோது பால் வெட்டப் போனவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். உலகத்தின் டயர்களுக்குப் பால் வடித்த கைகளில் நம்மவர் கைகளும் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

1936இல் டன்லப் கம்பெனி வங்காளத்தில் ஹூக்ளிக் கரையில் சாகாகஞ்சில் தொழிற்சாலை தொடங்கியது. 1959இல் சென்னை அம்பத்தூரிலும் தொடங்கியது. லாரி, கார் டயர் மட்டுமின்றி மாட்டு வண்டிக்கென்றே தனி டயரும் இந்தியச் சந்தையில் வந்தது. ஏ.டி.வி. டயர் என்று அதற்குப் பெயர். விலங்கு இழுக்கும் வண்டிக்கான டயர் என்று பொருள்.

நம் பக்கத்து விவசாயிகள் எல்லாரும் புது டயர் வாங்கிவிடவில்லை. பழைய லாரி, கார் அச்சையும் தேய்ந்த டயரையும் பழைய இரும்புக் கடையில் வாங்கி வண்டிக்குப் பூட்டியவர்களே அதிகம். இதுதான் நாம் 'டயர் வண்டி' என்று சொன்னது.

இப்போது மட்டத்துக்கு வருவோம்.

ஐந்தடி மரச்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மூன்றடி டயரை மாட்டினால் என்ன ஆகும்? அச்சு இரண்டரை அடியிலிருந்து ஒன்றரை அடிக்கு இறங்கிவிடும். முழுதாக ஓரடி குறைகிறது. மாட்டின் உயரம் குறையவில்லை. ஆகவே ஏர்க்கால் முன்பக்கம் தூக்கி, வண்டி பின்னால் சாய்ந்து நிற்கும். ஏற்றிய பாரம் பின்பாரமாகிவிடும்.

இதைச் சரிசெய்ய ஆசாரிகளும் கொல்லர்களும் ஒரு வழி கண்டார்கள். அச்சுக்கும் வண்டிக்கும் நடுவே கட்டை அடுக்கி, அல்லது இரும்புச் சட்டம் வைத்து, வண்டியைத் தூக்கி மட்டப்படுத்தினார்கள். இன்று பிக்கப்பின் முன்பக்கம் வைக்கிற இரும்புத் துண்டுக்கும் அந்தக் கட்டைக்கும் வேலை ஒன்றுதான். சக்கரத்தால் வந்த உயர வித்தியாசத்தை நடுவில் ஒன்றை வைத்து நிரப்புவது. டயர் தாழ்வாக இருந்ததால் வண்டிப் பலகையைச் சக்கரத்துக்கு மேலேயே அகலமாக்கவும் முடிந்தது. பருத்தித் தாட்டு, சோளத்தட்டு எல்லாம் கூடுதலாக ஏற்றினார்கள்.

நன்மை பெரிது. சத்தம் இல்லை, குலுக்கல் குறைவு, சாலை அறுபடாது. பேரிங் வைத்த அச்சு என்பதால் இழுப்பும் லேசு. எவ்வளவு லேசு என்பதை அரசு விதியிலேயே பார்க்கலாம். சுமை இழுக்கும் விலங்குகளைக் கொடுமையிலிருந்து காக்க 1965இல் மத்திய அரசு போட்ட விதிகளில், நடுத்தர மாட்டுக்கு இரண்டு சக்கர வண்டியில் டயர் இல்லாவிட்டால் 700 கிலோ, டயர் இருந்தால் 1050 கிலோ, பேரிங்கும் இருந்தால் 1400 கிலோ என்று வரம்பு இருக்கிறது. அதே மாடு, இரண்டு மடங்கு பாரம்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். இழுப்பு லேசானதால் மாட்டுக்கு ஓய்வு கிடைத்ததா? பெரும்பாலும் இல்லை. மிச்சமான பலத்தைப் பாரமாக ஏற்றிவிட்டோம். கட்டை வைத்துத் தூக்காமல் விட்ட வண்டிகளில், தாழ்ந்த அச்சை உயர்ந்த நுகத்தடி சாய்வாக இழுக்கும்போது இழுவிசையின் ஒரு பங்கு கழுத்தைக் கீழே அமுக்கும். உருளும் சக்கரம் இறக்கத்தில் தானாக ஓடும். பிரேக் கிடையாது. பின்னால் தள்ளிவரும் ஒரு டன் எடையைக் காளை தன் கழுத்தாலும் காலாலும் நிறுத்த வேண்டும். கட்டை வண்டியில் உராய்வே பாதி பிரேக்காக இருந்தது. அந்த உராய்வை எடுத்த நாம், அதற்குப் பதிலாக ஒன்றும் வைக்கவில்லை.

இதைப் பெரிய அளவில் எடுத்துப் பேசியவர் என்.எஸ். ராமசாமி. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர். மேலாண்மை என்றால் கம்பெனி, பங்குச் சந்தை என்று நினைத்த காலத்தில், 1970களில், மாட்டு வண்டியை ஆராயப் புறப்பட்டார். நுகத்தடியால் மாட்டின் கழுத்தில் வரும் புண், தவறான சமநிலை, பிரேக் இல்லாமை எல்லாவற்றையும் சொல்லி, சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதாது, நுகம், அச்சு, பிரேக் எல்லாம் சேர்ந்து மாற வேண்டும் என்று வாதாடினார். அவர் சொல்லில் பெரும்பகுதி நடைமுறைக்கு வருவதற்குள் டிராக்டரும் மினி லாரியும் வந்துவிட்டன.

அடுத்தது லாரி.

1920இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தன் முதல் பஸ்ஸை ஓட்டினார். 1948இல் எண்ணூரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. 1954இல் டாடாவின் பென்ஸ் லாரி வந்தது. நமக்குக் கிழக்கே கரூர் பஸ் பாடி கட்டுவதில் பெயர் எடுத்தது. மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் போகும் பருத்தி வண்டியை விட்டு லாரிக்கு மாறியது.

லாரியின் எடையைத் தாங்குவது பட்டை. பழைய வில் வண்டியில் இருந்த அதே வில்தான், அடுக்கடுக்காக. சரக்கு ஏறினால் வளைந்து கொடுக்கும், இறங்கினால் நிமிரும். கூடுதல் பாரம் ஏற்ற நினைத்தவர்கள் பட்டறைக்குப் போய் இன்னொரு பட்டை சேர்த்தார்கள், பெரிய டயர் போட்டார்கள். வண்டி நிமிர்ந்து நின்றது. ஆனால் பட்டை தாங்கினாலும் பிரேக் பழையது, அச்சு பழையது, சட்டம் பழையது. மயில் தோகையேயானாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னதைப் பாடமாக நடத்தியிருக்கிறோம். 2018 ஜூலையில் அரசே இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. வரம்பு உயர்ந்தது என்பதற்காகப் பழைய லாரியின் பிரேக் பலப்பட்டுவிடாது.

இனி உங்கள் பிக்கப்.

பிக்கப்பின் முன்பக்கம் ஏன் தாழ்வாக இருக்கிறது தெரியுமா? பின்னால் பாரம் ஏறும்போது பின்பக்கம் இறங்கி, வண்டி சமமாக வேண்டும் என்பதற்காக. வெறும் வண்டியைப் பார்த்து முன்பக்கத்தைத் தூக்கிச் சமமாக்கினால், சரக்கு ஏற்றியதும் மூக்கு மேலே பார்க்கும். ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். தாராபுரம் சாலையில் இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் வருகிற பனியன் கம்பெனித் தொழிலாளி ஒரு விநாடி கண்ணை மூடினால் போதும். பாட்டன் காலத்துப் பின்பாரம் இதுதான். அன்று தொண்டை இறுகியது மாட்டுக்கு.

ஒரு கணக்கும் பாருங்கள். 28 அங்குல டயருக்குப் பதில் 31 அங்குல டயர் போட்டால் ஒரு சுற்றுக்கு வண்டி 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக ஓடும். மீட்டரில் 60 காட்டும்போது உண்மையில் சுமார் 66 கிலோமீட்டர் வேகத்தில் போவீர்கள். நிற்கத் தேவையான தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். பெரிய டயரின் எடையையும் அதே பழைய பிரேக்தான் நிறுத்த வேண்டும்.

சட்டம் இது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி இருக்கிறது.

பெரிய டயரே கூடாது என்று நான் சொல்லவில்லை. கம்பெனியே அந்த மாடலுக்கு அனுமதித்த அளவு என்றால் போடுங்கள். போட்ட பிறகு பாரம் ஏற்றி நிறுத்தி, ஹெட்லைட் மட்டத்தைச் சரி பாருங்கள். சக்கரத்தை மாற்றுகிறவருக்கு நன்மை உடனே தெரியும். மட்டம் மாறியதன் பாரம் வேறு ஒருவர் மேல் போய் விழும். மாட்டுக்குக் கேட்க வாயில்லை. எதிரே வருகிறவருக்குக் கேட்க நேரமிருக்காது.

கட்டை வண்டியை டயர் வண்டியாக மாற்றிய ஆசாரிகள், கொல்லர்கள் உங்கள் ஊரில் இருந்தால் அவர்களிடம் பேசி அளவுகளை எழுதி வையுங்கள். அச்சுக்கு மேல் எத்தனை அங்குலக் கட்டை வைத்தார்கள், என்ன மரம், அதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். இந்தக் கணக்கெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.