என்கோலோ காண்டே: அளவுகோல் தவறவிட்ட ஆட்டக்காரர்

பிரான்சு நாட்டின் நடுக்கள வீரரான என்கோலோ காண்டே, 2018ஆம் ஆண்டு கால்பந்து உலகக் கோப்பையை வென்ற அணிக்காக ஏழு ஆட்டங்களிலும் களமிறங்கியவர். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அவர் அந்நாட்டின் மூன்றாம் நிலைத் தொடரில் ஆடிக்கொண்டிருந்தார். பதின்பருவத்தில் அவரைப் பார்த்த தேர்வாளர்கள் பலர், உருவம் சிறிது என்று ஒதுக்கினர். விடாமுயற்சிக்குச் சான்றாகவே இவ்வரலாறு பெரும்பாலும் சொல்லப்படுகிறது. தகுதியை அளப்பவர் யார், எதைக் கொண்டு அளக்கிறார் என்னும் கேள்வியோடு இதை வாசிக்க வேண்டும் என்பது நம் கருத்து.

குடும்பமும் ஊரும்

காண்டே 1991 மார்ச் 29 அன்று பாரிசில் பிறந்தார். பெற்றோர் மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். தந்தை குப்பை அள்ளும் பணி செய்தார். தாய் துப்புரவுப் பணி செய்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். பாரிசின் மேற்குப் புறநகரான ருயே-மல்மேசோனில் வளர்ந்த அவர், அடுத்த ஊரான சுரேனின் சிறு கழகத்தில் சேர்ந்து 19 வயது வரை அங்கேயே ஆடினார்.

பிரான்சில் துப்புரவுப் பணியைப் பிறப்பால் விதிக்கும் சாதி முறை இல்லை. ஆயினும் பெருநகரின் அழுக்கை அகற்றும் வேலை முன்னாள் காலனி நாடுகளிலிருந்து வந்தோரின் தோள்களில் பெருமளவு விழுகிறது. இரண்டும் ஒன்றல்ல. எனினும் நம் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வடிகட்டும் முறை

பிரான்சில் தொழில்முறை ஆட்டக்காரராவதற்கான வழக்கமான வழி, பயிற்சி மையங்களின் வழியே செல்கிறது. 1988இல் தொடங்கப்பட்ட கிளேர்ஃபோன்தேன் தேசிய மையம் பாரிசு வட்டாரச் சிறுவர்களை 13 வயதளவில் தேர்ந்தெடுக்கிறது. தொழில்முறைக் கழகங்களும் தத்தம் மையங்களுக்கு அதே பருவத்துச் சிறுவர்களையே தேடுகின்றன.

அந்த வயதில் ஒருவன் முழு வளர்ச்சி பெற்றிருப்பான்; இன்னொருவன் அதைத் தொடங்கியே இருக்க மாட்டான். உயரமும் வேகமும் கண்ணுக்கு உடனே தெரிகின்றன. ஆட்டத்தை முன்னுணரும் அறிவு மெல்லத்தான் புலப்படுகிறது. சிறுவர் அணிகளில் தேர்வாண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிகுதியாக இடம்பெறுவதை ஆய்வுகள் பல நாடுகளில் கண்டுள்ளன. சில மாத மூப்பு திறமையாகக் கணக்கிடப்படுகிறது. முழு வளர்ச்சியிலும் 1.68 மீட்டரளவே உயர்ந்த காண்டேயைப் பல மையங்கள் ஏற்கவில்லை.

2010இல் பூலோஞ் கழகத்தின் இரண்டாம் அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆட்டத்தோடு கணக்கியலும் படித்தார். 2012 மே மாதம் முதன்மை அணியில் அறிமுகமானார். அக்கழகம் அப்பருவத்தோடு மூன்றாம் நிலைக்கு இறங்கியது. அவரும் ஓராண்டு அங்கே ஆடினார். 2013இல் நார்மண்டியின் கான் கழகத்தில் சேர்ந்தார். அப்பருவத்திலேயே அது முதல் நிலைக்கு உயர்ந்தது.

2010ஆம் ஆண்டின் கூட்டம்

காண்டே பூலோஞ்சில் அடையாளமற்று இருந்த அதே 2010 நவம்பரில், பிரெஞ்சுக் கால்பந்துக் கூட்டமைப்பின் பொறுப்பாளர்கள் கூடிப் பேசினர். பயிற்சி மையங்களில் இரட்டைக் குடியுரிமைக்கு வாய்ப்புள்ள சிறுவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது பற்றி அங்கே விவாதம் நடந்தது. உருவில் பெரிய, வலிமை மிக்க வீரர்கள் என்றால் கறுப்பினத்தவர் என்ற பொருளில் அப்போதைய தேசியப் பயிற்சியாளர் லோரான் பிளாங் பேசியதும் பதிவாகியிருந்தது. கூட்டத்தில் இருந்த கூட்டமைப்பு அலுவலர் ஒருவரே அதை ஒலிப்பதிவு செய்திருந்தார். 2011 ஏப்ரலில் மெதியாபார் இணைய இதழ் அதை வெளியிட்டது. தேசியத் தொழில்நுட்ப இயக்குநர் இடைநீக்கம் செய்யப்பட்டார். பிளாங் வருத்தம் தெரிவித்தார். விசாரணையில் அவர்மீது குற்றம் நிறுவப்படவில்லை.

காண்டே ஒதுக்கப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணம் உயரம்; இனம் அன்று. ஆகவே இரு நிகழ்வுகளையும் நாம் ஒன்றாக்கவில்லை. ஆனால் அளவுகோலின் முரண் இங்கே வெளிப்படுகிறது. பல ஆண்டுகள் உருவத்தை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். பின்னர் அத்தேர்வின் விளைவை ஓர் இனத்தின் இயல்பாகப் பேசினார்கள். சிறிய உருவமும் கூரிய ஆட்ட அறிவும் கொண்ட கறுப்பின இளைஞர், முதல் பார்வையிலும் தென்படவில்லை. இரண்டாம் பார்வையிலும் தென்படவில்லை.

லெஸ்டரும் அதன் பின்னும்

2015இல் இங்கிலாந்தின் லெஸ்டர் கழகம் ஏறத்தாழ 56 இலட்சம் பவுண்டுக்கு அவரை வாங்கியது. மேலாளர் கிளாடியோ ரனியேரி அப்போதும் அவருடைய உருவம் குறித்துத் தயங்கினார்; ஆட்சேர்ப்புத் தலைவர் ஸ்டீவ் வால்ஷ் விடாமல் வற்புறுத்தினார். பருவத் தொடக்கத்தில் 5000க்கு 1 என்று பந்தயக்காரர்கள் கணித்த லெஸ்டர், 2016இல் பிரீமியர் லீக் பட்டத்தை வென்றது. அவ்வணியின் ஜேமி வார்டி, 16 வயதில் சிறிய உருவத்துக்காக ஷெஃபீல்டு வெட்னஸ்டே கழகத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்பதும் கருதத்தக்கது.

அடுத்த ஆண்டே செல்சியோடு மீண்டும் லீக் பட்டம். சக வீரர்கள் தேர்ந்தெடுத்த 2017ஆம் ஆண்டின் சிறந்த வீரர் விருது. 2018இல் உலகக் கோப்பை. 2021இல் சாம்பியன்ஸ் லீக், அதன் இறுதியாட்டத்தில் ஆட்டநாயகன் விருது.

நமக்குரிய பாடம்

காண்டேயால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது என்று கேட்போர் உண்டு. அவர்களிடம் நாம் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: அவரை ஒதுக்கிய மையங்கள் அதே ஆண்டுகளில் இன்னும் எத்தனை பேரை ஒதுக்கின? அவர்கள் அனைவருக்கும் ஒரு பூலோஞ் கிடைக்கவில்லை. ஒருவர் வென்றதால் வடிகட்டி நியாயமானதாகிவிடாது. அது தவறக்கூடியது என்பதற்கே அவ்வெற்றி சான்று.

நம் நாட்டிலும் இடஒதுக்கீட்டு வழக்குகளில் தகுதி என்னும் சொல் எதிர்வாதமாக வைக்கப்படுகிறது. மருத்துவ மேற்படிப்பு இடஒதுக்கீடு தொடர்பான நீல் ஆரேலியோ நூன்ஸ் வழக்கில், 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறியது. போட்டித் தேர்வில் ஒருவர் அடையும் நிலையோடு தகுதியைச் சுருக்கிவிட முடியாது. சில வகுப்பினருக்குக் கிடைத்துவந்த சமூக, பொருளாதார, பண்பாட்டு அனுகூலங்களைத் தேர்வு காட்டுவதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆகவே தகுதி இல்லை என்று யார் சொன்னாலும், மாணவர்கள் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: எந்த வயதில் அளந்தீர்கள், எதைக் கொண்டு அளந்தீர்கள், அளந்தவர்கள் யார்? இக்கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெறுவதிலிருந்தே ஒரு வழக்கும் தொடங்குகிறது. ஓர் இயக்கமும் தொடங்குகிறது.