பாம்பு யாருக்குச் சொந்தம்?

ஆட்டை விற்கலாம், மாட்டை விற்கலாம், நல்ல பாம்பை விற்கலாமா? ஒருமுறை ஒன்பதாம் வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "அதை யார் வாங்குவார்கள், ஐயா?" என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். ஆனால் பின்னர் எண்ணிப் பார்க்கையில், அவன் கேட்டதே சரியான கேள்வி என்று தோன்றியது. நச்சுப் பாம்பை வாங்குபவர் உலகில் என்றும் இருந்திருக்கின்றனர். அவர் யார், வாங்கியபின் என்ன செய்தார் என்பதிலேதான் இவ்வரலாறு அடங்கியிருக்கிறது.

முதலில் பிரிட்டனைப் பார்ப்போம். அங்கே செல்லப் பிராணிகளை விற்கும் கடைகளை ஒழுங்குபடுத்த 1951-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கடைக்காரர் உரிமம் பெறவேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பாத சிறுவருக்கு எந்தப் பிராணியையும் விற்கலாகாது என்றது அச்சட்டம். நல்ல விதிதான். ஆனால் பதின்மூன்று வயதுச் சிறுவனை அது தடுக்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் காட்டு விலங்குகளை வீட்டில் வளர்ப்பது ஒரு நாகரிகமாகப் பரவியது. 1969-இல் இலண்டன் மாநகரத்துப் பெரிய கடையொன்றில் சிங்கக்குட்டி ஒன்றே விலைக்குக் கிடைத்தது என்றால் மற்றவற்றைச் சொல்ல வேண்டுவதில்லை. இந்நிலையில் 1976-ஆம் ஆண்டு அபாயகரமான காட்டு விலங்குகள் சட்டம் வந்தது. நாகமும் விரியனும் வைத்திருக்க விரும்புவோர் உள்ளாட்சி மன்றத்தில் உரிமம் பெறவேண்டும். கால்நடை மருத்துவர் வந்து கூண்டைச் சோதிக்கவேண்டும். பிறருக்கு நேரும் தீங்குக்கு ஈடு செய்யக் காப்பீடும் வேண்டும். உடையவனோடு அண்டைவீட்டுக்காரனையும் நினைத்துப் பார்த்த சட்டம் அது. எனினும் செல்லப் பிராணிக் கடைகளுக்கு அதிலிருந்து விலக்கு அளித்தார்கள். வாங்குபவன்மீது சுமத்திய பொறுப்பை விற்பவன்மீது அவ்வளவாகச் சுமத்தவில்லை. இது ஒரு குறை என்றே நான் கருதுகிறேன்.

பாம்பைத் தன் நாட்டிலிருந்து நெடுந்தொலைவு கொண்டுபோவதில் இன்னொரு தீங்கும் உண்டு. 1957-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சிக்காகோ நகரத்து அருங்காட்சியகத்தில் கார்ல் பாட்டர்சன் ஷ்மிட் என்னும் பேரறிஞரிடம், பெயர் தெளிந்து சொல்லும்படி ஒரு பாம்பைக் கொடுத்தார்கள். அது ஆப்பிரிக்காவின் மரப்பாம்பாகிய பூம்ஸ்லாங். குட்டிப் பாம்பு, அவர் கட்டைவிரலில் ஒரே ஒரு கடி. தமக்கு நேர்ந்த குறிகளையெல்லாம் அவர் வரிசையாக எழுதிவைத்தார். மறுநாள் இறந்தார். ஊர்வனவற்றைப் பற்றி நூல்கள் எழுதிய மனிதருக்கே இக்கதி. பாம்பின் நஞ்சுக்கு மாற்று, அந்த நஞ்சைக்கொண்டே செய்யப்படுகிறது. ஓர் இனத்துக்கு ஆகிய மருந்து மற்றோர் இனத்துக்கு ஆகாது. பாம்பு மட்டும் கடல் கடந்து வந்தது. அதன் மருந்து கூட வரவில்லை.

இனி நம் பக்கம் வருவோம். பிரிட்டனில் அச்சட்டம் பிறந்த அதே 1976-இல் இந்தியாவில் பாம்புத்தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. அதற்கு முன்பே 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. செங்கற்பட்டுப் பகுதி இருளர் மக்களுக்கு இவ்விரண்டும் பேரிடியாயின. தலைமுறை தலைமுறையாக அவர்கள் பாம்பு பிடிப்பவர்கள். கையில் ஒரு கடப்பாறை. மண்ணில் படிந்த தடத்தைக் கண்டு எந்தப் பாம்பு, எப்போது போயிற்று என்று சொல்லும் கண். அவர்கள் வணங்கும் கன்னியம்மனுக்கும் பாம்புக்கும் தொடர்பு உண்டு. இத்தகையவர்கள் பாம்பைத் தோலுக்காகக் கொன்று விற்கும்படி செய்தது தோல் வாணிகம். சாரையும் நாகமும் பெருந்தொகையாக அழிந்தன. பிடித்தவனுக்குக் கிடைத்தது சில ரூபாய். இலாபம் இடைத்தரகனுக்கும் ஏற்றுமதியாளனுக்கும். ஆகவே தடை வேண்டியதுதான். ஆனால் தடைபோட்ட கை சோறு போடவில்லையே!

சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கர் இருளரோடு பழகி, அவர்தம் திறமையை அறிந்தவர். கொல்லாமலே பாம்பினால் பிழைக்க ஒரு வழி உண்டு என்று அவரும் இருளரும் கண்டனர். அதுவே நஞ்சு. 1890-களில் ஆல்பெர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு அறிஞர் நச்சுமுறிவு மருந்துக்கு வழிகாட்டியதிலிருந்து, மருந்து செய்வோருக்குத் தூய நஞ்சு தேவைப்பட்டது. குதிரைக்குச் சிறுகச் சிறுக நஞ்சை ஏற்றி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பதே முறை. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. சில ஆண்டுகளில் வடநெம்மேலியிலுள்ள முதலைப் பண்ணை வளாகத்தில் நஞ்செடுக்கும் வேலையும் தொடங்கியது.

அங்கே நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் கொணரப்படுகின்றன. ஒவ்வொன்றும் மணல் இட்ட மண்பானையில் விடப்பட்டு, பானையின் வாய் துணியால் கட்டப்படுகிறது. வாரத்துக்கு ஒருமுறையாக நான்கு முறை நஞ்செடுப்பார்கள். கண்ணாடிக் குப்பியின் வாயில் இழுத்துக் கட்டிய மெல்லிய தோலைப் பாம்பு கடிக்கும். சில துளிகள் உள்ளே சொட்டும். அத்துளிகளை உறையவைத்து உலர்த்தினால் பொடியாகும். கிராம் கணக்கில் அது மருந்து நிறுவனங்களுக்கு விற்கப்படும். மூன்று நான்கு வாரம் சென்றதும் பாம்பைக் காட்டில் விட்டுவிடுவார்கள். விடுமுன் வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டுவார்கள்; அதே பாம்பு மீண்டும் கையில் அகப்பட்டால் அப்போதே விட்டுவிடுவதற்காக.

இங்கே பாம்பு யாருக்குச் சொந்தம்? இருளருக்கும் அன்று, சங்கத்துக்கும் அன்று. வனத்துறை ஆண்டுதோறும் இத்தனை பாம்பு என்று எண்ணிக்கை குறித்து அனுமதி தருகிறது. அது இரவல். விலைக்குப் போவது நஞ்சு மட்டுமே. இரவல் வாங்கிய ஏட்டைக் கிழிக்காமல் திருப்பித் தருவது போலப் பாம்பைத் திருப்பித் தருகிறார்கள். ஆனால் அனுமதி வரத் தாமதித்த ஆண்டுகளும் உண்டு. பாம்பு வெளிவரும் பருவம் கோப்பின் வேகத்துக்காகக் காத்திராது. அத்தகைய ஆண்டில் பிடிப்பவனுக்குக் கூலி இல்லை. இதை அதிகாரிகள் உணர்ந்தால் நன்று.

இரவல் என்ற எண்ணமின்றி விற்றதன் விளைவையும் ஒருமுறை இருளரே நேரில் கண்டனர். அமெரிக்காவின் புளோரிடாவில் செல்லப் பிராணியாக விற்கப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள், தப்பியும் கைவிடப்பட்டும் சதுப்புக் காட்டில் பெருகின. அது நஞ்சில்லாப் பாம்பு. ஆயினும் பாழாக்க நஞ்சு வேண்டுவதில்லை. இரக்கூன் என்னும் சிறு விலங்கு அங்கே கண்ணில் படுவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு குறைந்ததென 2012-இல் ஓர் ஆய்வு காட்டிற்று. 2017-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர் அங்கே அழைக்கப்பட்டனர். பழக்கமில்லாத நிலத்தில் இரண்டு வாரத்துக்குள் பதின்மூன்று மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தனர். அதே மாநிலத்தில் நச்சுப் பாம்பு வைத்திருக்க உரிமம் கேட்பவர் ஆயிரம் மணி நேரப் பயிற்சி பெற்றதைக் காட்டவேண்டும் என்பது விதி. தந்தையோடு காட்டில் நடந்தே கற்ற இவ்விருவருக்கும் மணிக்கணக்கு எழுதுவதானால் எத்தனை ஏடுகள் வேண்டுமோ! 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் பன்னிரண்டு இலட்சம் பேர் மாண்டனர் எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களிற் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். நாட்டில் செய்யப்படும் மருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கு நெடுங்காலமாக இந்த ஒரு சங்கத்திலிருந்தே சென்றிருக்கிறது. ஒரே இனப் பாம்பாயினும் இராசத்தானத்து நஞ்சும் செங்கற்பட்டு நஞ்சும் ஒன்றல்ல என்று அண்மை ஆராய்ச்சிகள் கூறுகின்றன. அங்கங்கே உள்ள பாம்பின் நஞ்சை அங்கங்கேயே எடுக்கவேண்டும். அதற்கு அந்தந்த ஊர்களிலும் பாம்பை அறிந்த கைகள் வேண்டும். அக்கைகளுக்கு ஒரு சங்கமும், காலத்தில் வந்துசேரும் ஓர் அனுமதிச் சீட்டும் வேண்டும்.