மேசை விரிப்பில் பிறந்த முறை

1980களின் இறுதியில் 228 என்ற எண், கணினியில் ஜெர்மானியருக்கு இரட்டைப் புள்ளி வைத்த 'ஏ', கிரேக்கருக்கு டெல்டா. அட்டவணை மாறினால் எழுத்தும் மாறியது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, பல மொழி எழுத்துகளுக்கும் ஒரே அட்டவணையாக 1991இல் யூனிகோடு வந்தது. முதல் பதிப்பிலேயே தமிழுக்கும் இடம் கிடைத்தது. ஆனால் யூனிக்ஸ் இயங்குதளம் முரண்டு பிடித்தது.

யூனிக்ஸில் இரண்டு பைட்டுகள் மேல் கைவைக்கக் கூடாது. பூஜ்யம் வந்தால் கோப்பின் பெயர் முடிந்தது என்று பொருள். சாய்கோடு அடைவுகளைப் பிரிக்கும். யூனிகோடோ எழுத்துக்கு இரண்டு பைட் கேட்டது. ஆங்கில 'ஏ'வுக்கே அதில் ஒன்று பூஜ்யம். சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ தந்த மாற்று முறையில் பிறமொழி எழுத்துகளின் வயிற்றுக்குள் சாய்கோடு முளைத்தது. பெல் லேப்ஸில் பிளான் 9 இயங்குதளத்தைக் கட்டிக்கொண்டிருந்த கென் தாம்சனும் ராப் பைக்கும் வெறுப்போடு அதையே வைத்து ஓட்டினார்கள், ஒரு தொலைபேசி அழைப்பு வரும்வரை.

அது 1992 செப்டம்பரில் ஒரு புதன்கிழமை. ஆஸ்டினில் கூடியிருந்த, யூனிக்ஸ் நிறுவனங்களின் கூட்டமைப்பான எக்ஸ்/ஓபனின் குழுவினர், தாங்கள் வகுத்த புதிய முறையைச் சரிபார்த்துத் தரச் சொன்னார்கள். நாங்களே ஒன்று வடிவமைக்கிறோம் என்றார்கள் இருவரும். சீக்கிரம் முடிந்தால் சரி என்று பதில் வந்தது. திங்கட்கிழமை வாக்கெடுப்பு. இருவரும் சாப்பிடக் கிளம்பினார்கள்.

நியூ ஜெர்சி உணவகத்தில், தட்டுக்கு அடியில் விரித்த காகிதத்திலேயே தாம்சன் கணக்குப் போட்டார். ஆங்கில எழுத்துக்குப் பழையபடி ஒரே பைட். மற்றவற்றுக்கு இரண்டோ அதற்கு மேலோ. மொத்தம் எத்தனை என்பதை முதல் பைட்டே சொல்லிவிடும். அவற்றில் எதுவும் 128க்குக் கீழே இறங்காது. ஆகவே பூஜ்யமும் சாய்கோடும் தப்பித்தன. பாதியில் படிக்கத் தொடங்கினாலும் அடுத்த எழுத்தின் தலை எது என்று தெரிந்துவிடும். குழுவின் வடிவத்தில் இல்லாத அழகு இதுதான். அந்தக் காகிதத்தை வைத்திருந்திருக்கலாமே என்று பைக் பின்னாளில் ஏங்கினார். அன்றிரவே நிரல் எழுதத் தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமை பிளான் 9 முழுதும் புதிய முறையில் ஓடியது. ஆனால் பெயர் வேறு பக்கம் போனது.

ஐபிஎம்தான் இதை வடிவமைத்தது என்ற கதை பரவி, 2003இல் பைக் மறுப்பு எழுத வேண்டியதாயிற்று. அதற்குள் ரெட் ஹேட் லினக்ஸ் 8.0 இதையே இயல்பிருப்பாக்கியிருந்தது.

லினக்ஸில் மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது, மொழிக்கும் நாட்டுக்கும் பின்னால் ஒரு புள்ளி வைத்து ஒட்டிக்கொண்டு வரும் 'யுடிஎஃப்-8' என்ற வால் இந்த முறையின் பெயர்தான். தமிழின் 'அ' அதில் மூன்று பைட்: 224, 174, 133.