எஃகு மோட்டார் குரூசர்: சொந்தப் படகு கட்டத் திட்டமிடுதல்

எஃகு மோட்டார் குரூசர் என்பது எஃகுத் தகடுகளால் ஆன கூடும் டீசல் எஞ்சினும் கொண்ட, உள்ளேயே சமைத்து உறங்கி நாள்கணக்கில் பயணம் போகக்கூடிய தனியார் படகு. 9 முதல் 15 மீட்டர் நீளமுள்ளவையே மிகுதி. நெதர்லாந்தின் கால்வாய்களிலும் ஏரிகளிலும் இவ்வகைப் படகு பரவலாக ஓடுகிறது. அங்கிருந்து பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளின் நீர்வழிகளுக்கும் போய்வருகிறது. ஆங்கிலேயத் தொழிலதிபர் ஜான் வில்கின்சன் 1787இல் செவர்ன் ஆற்றில் ‘டிரையல்’ என்னும் இரும்புச் சரக்குப் படகை இறக்கிய பிறகு, ஐரோப்பாவின் உள்நாட்டுப் படகுகள் படிப்படியாக மரத்திலிருந்து இரும்புக்கும், பின்னர் எஃகுக்கும் மாறின. சரக்குப் படகுகளில் பழகிய அந்தக் கைத்தொழில்தான் இருபதாம் நூற்றாண்டில் சிறு பட்டறைகளின் வழியாக உல்லாசப் படகுக்கு வந்து சேர்ந்தது. தகட்டின் விலை குறைவு, வெல்டிங்கைக் கற்றுக்கொள்ள முடியும், தப்பாக வெட்டினால் அறுத்துவிட்டு மறுபடி ஒட்டலாம். இந்த மூன்று காரணங்களால், தனி ஒருவர் கொட்டகை போட்டுத் தமக்கான படகைத் தாமே கட்ட முனையும்போது எஃகையே பெரும்பாலும் நாடுகிறார்.

எஃகு வலிமைப் பிழைகளைப் பெரிதும் பொறுத்துக்கொள்ளும். எடைப் பிழைகளையும் மறைவிடப் பிழைகளையும் பொறுக்காது. சொந்தப் படகுத் திட்டங்கள் பல பாதியில் நிற்பதற்கு இந்த வேறுபாட்டை உணராததே முக்கியக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து. சாதாரண மென்எஃகு முறிவதற்கு முன் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் நீளக்கூடியது. அதனால் பாறையிலோ கருங்கல் கரையிலோ மோதினால் தகடு நசுங்குமே தவிர எளிதில் கிழியாது. இந்த உறுதியைக் கேட்டறிந்தவர் மற்ற கணக்குகளையும் அதே தைரியத்தில் தள்ளிப்போடுகிறார். ஆனால் படகின் உயரம், எடை, எஞ்சின், உள் அறைகளின் அமைப்பு, தண்ணீர் தேங்கக்கூடிய மூலைகள் ஆகிய எல்லாம் முதல் தகட்டை வெட்டுவதற்கு முன்பே காகிதத்தில் முடிந்திருக்க வேண்டியவை.

முதலில் தீர்மானிக்க வேண்டியது படகு ஓடப்போகும் தண்ணீரை. பிரான்சில் 1879ஆம் ஆண்டின் ஃப்ரேசினே சட்டம் லாக் எனப்படும் மதகறைகளுக்கு 39 மீட்டர் நீளமும் 5.2 மீட்டர் அகலமும் வகுத்தது. 12 மீட்டர் படகுக்கு இந்த நீள அகலம் தாராளம். இடிக்கும் இடம் உயரம்தான். அந்த அளவில் கட்டிய கால்வாய்களில் பாலத்தடியில் கிடைப்பது சுமார் 3.5 மீட்டர், நிவெர்னே கால்வாயில் சில இடங்களில் 3 மீட்டருக்கும் குறைவு. 1681இல் திறந்த மிடி கால்வாயின் பழைய பாலங்கள் வில்வளைவானவை. நடுவில் உயரம் இருந்தாலும் இரு ஓரங்களிலும் தாழ்ந்துவிடும். ஆகவே அங்கே படகின் மொத்த உயரம் மட்டும் தெரிந்தால் போதாது, மேற்கட்டின் தோள்பகுதி எவ்வளவு அகலம் என்பதும் தெரிய வேண்டும். பிரிட்டனின் குறுகிய கால்வாய்களிலோ மதகறையின் அகலமே சுமார் 2.1 மீட்டர்தான்; அங்கே இந்தக் குரூசர் நுழையவே முடியாது. எல்லா நீருக்கும் பொதுவாக ஒரு படகு கட்டிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கடலுக்கான படகுக்கு உயர்ந்த அணியமும் ஆழமான அடியும் வேண்டும். கால்வாய்ப் படகுக்குத் தாழ்ந்த மேற்கட்டும் 1 மீட்டரை ஒட்டிய நீராழமும் வேண்டும். இரண்டையும் ஒரே கூட்டில் அடக்க முயன்றால் இரண்டிலும் குறை வரும். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் எங்கே ஓடுமோ அதற்காகக் கட்டுவதே முறை.

அடுத்தது எடை. 1 மி.மீ. கனமுள்ள எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ இருக்கும். 12 மீட்டர் நீளமும் 3.8 மீட்டர் அகலமும் கொண்ட படகின் கூட்டுக்கு ஏறத்தாழ 60 சதுர மீட்டர் தகடு ஆகும் என்று வைத்துக்கொள்வோம். வடிவமைப்பாளர் 4 மி.மீ. போதும் என்றிருக்க, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 5 மி.மீ. வாங்கினால் 471 கிலோ கூடுகிறது. நீர்மட்டத்தில் இப்படகின் பரப்பு சுமார் 35 சதுர மீட்டர் என்றால், நன்னீரில் ஒவ்வொரு 350 கிலோவுக்கும் படகு 1 சென்டிமீட்டர் இறங்கும். இந்த ஒரு மி.மீ. ஆசைக்கு விலை ஒன்றேகால் சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அடித்தகட்டில் கூடும் எடையாவது கீழே கிடப்பதால் ஓரளவு நிலைத்தன்மைக்கு உதவும். ஆபத்து மேற்கட்டில் இருக்கிறது. 40 சதுர மீட்டர் மேற்கட்டை 3 மி.மீ. எஃகில் கட்டினால் 942 கிலோ, 4 மி.மீ. அலுமினியத்தில் கட்டினால் 432 கிலோ. நீர்மட்டத்துக்கு வெகு மேலே அரை டன் குறைகிறது. ஆனால் எஃகையும் அலுமினியத்தையும் நேரடியாகப் பற்றவைக்க முடியாது. இரண்டையும் வெடிப்பழுத்தத்தால் இணைத்த சிறப்புப் பட்டை வாங்க வேண்டும், அல்லது இடையில் காப்புப்பொருள் வைத்து போல்ட் போட வேண்டும். அந்தச் செலவைப் பார்த்துப் பின்வாங்குபவர் மேற்கட்டின் உயரத்தையாவது குறைத்தாக வேண்டும். உயரமும் வேண்டும், எஃகும் வேண்டும், அதன்மேல் ஓட்டுநர் மேடையும் வேண்டும் என்றால் படகு அலையில் மெதுவாகவும் நெடுநேரமும் சாய்ந்தாடும்.

படகு சாய்ந்தபின் நிமிரும் இயல்பை அளக்க பியர் பூகே 1746இல் வெளியிட்ட நூலில் மெட்டாசென்டர் என்னும் கருத்தை முன்வைத்தார். இன்றும் கட்டிமுடித்த படகை அதே அடிப்படையில்தான் சோதிக்கிறார்கள். அமைதியான நீரில் கட்டிவைத்து, தெரிந்த எடை ஒன்றை மேல்தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்தி, உள்ளே தொங்கும் தூக்குக்குண்டு எவ்வளவு விலகுகிறது என்று அளவுகோலில் குறித்தால் ஈர்ப்பு மையத்தின் உயரம் கிடைத்துவிடும். ஆனால் அப்போது கிடைக்கும் விடையைத் திருத்துவதற்கு அடியில் கனம் போடுவதைத் தவிர வழி அதிகம் இல்லை. எனவே திட்டக் கட்டத்திலேயே ஒரு எடைப்பட்டியல் தயாராக வேண்டும்: எஞ்சின், பேட்டரிகள், நங்கூரச் சங்கிலி, மரவேலை, டீசல், குடிநீர் என ஒவ்வொன்றின் எடை, அடியிலிருந்து அதன் உயரம், நடுவிலிருந்து அதன் தூரம். தொட்டிகள் நடுவை ஒட்டி அமைந்தால்தான் அவை நிறையும்போதும் காலியாகும்போதும் அணியம் ஏறி இறங்காமல் இருக்கும்.

எஞ்சின் விஷயத்தில் கணக்கு எளிது, ஆசைதான் குறுக்கே வரும். நீரை ஒதுக்கிக்கொண்டு ஓடும் இவ்வகைப் படகின் வேகத்துக்கு அதன் நீளமே வரம்பு. வில்லியம் ஃப்ரூட் 1872இல் டார்க்கேயில் அமைத்த சோதனைத் தொட்டியில் மாதிரிகளை இழுத்து ஆராய்ந்த அலைத்தடையின் விளைவு இது. நீர்மட்ட நீளத்தின் வர்க்கமூலத்தை 2.43ஆல் பெருக்கினால் வேகம் நாட்டில் கிடைக்கும். 11 மீட்டருக்கு ஏறத்தாழ 8 நாட், அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர். அதற்கு மேல் எத்தனை குதிரைத்திறன் சேர்த்தாலும் பெரும்பகுதி பின்னால் அலையாகவே போய்விடும். பிரெஞ்சுக் கால்வாய்களில் அனுமதிக்கும் வேகம் பெரும்பாலும் மணிக்கு 6 முதல் 8 கிலோமீட்டர்தான். ஆற்று வெள்ளத்தை எதிர்க்கவும் அவசரத்துக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்தால் போதுமானது. கூட்டோடு பற்றவைத்த குளிர்விப்பு அறை வழியாக எஞ்சினின் தண்ணீரைச் சுழலவிடும் முறை எஃகுப் படகுக்கே உரிய வசதி. களையும் பிளாஸ்டிக் பையும் வந்து அடைக்கக்கூடிய நீர்வாய் அதில் இல்லை. இந்த அறையும் வரைபடத்தில் முன்கூட்டியே இருந்தாக வேண்டும்.

எஃகு என்றதும் எழும் முதல் ஆட்சேபம் துரு. பூச்சே இல்லாத எஃகு கடல்நீரில் ஆண்டுக்குச் சராசரியாக 0.1 மி.மீ. அளவில் தேயும். பரவலாகத் தேயும் இந்தத் துருவை வெளிப்புறத்தில் வெல்வது கடினமல்ல. தகட்டை வெள்ளையை ஒட்டிய நிறம் வரும்வரை மணல்போன்ற துகள் வீசிச் சுத்தம் செய்து, அன்றே எபாக்சி பூசி, பல பூச்சுகளில் 300 மைக்ரானுக்கு மேல் கனம் ஏற்றி, கடல்நீருக்குத் துத்தநாகமும் நன்னீருக்கு மக்னீசியமுமாகப் பலியாகும் உலோகக் கட்டிகளைப் பொருத்திவிட்டால் கூடு பல பத்தாண்டுகள் நிற்கும். படகைத் தின்பது உள்ளேயிருந்து வரும் துரு. இரவில் தகட்டின் உட்புறத்தில் வியர்க்கும் நீர் வழிந்து நீளவாட்டுச் சட்டத்தின்மேல் நிற்கிறது. அந்தச் சட்டம் எல் வடிவக் கோணமாக இருந்து அதன் உதடு மேல்நோக்கியிருந்தால் அது ஒரு நீண்ட தொட்டி. தட்டைப் பட்டையாக இருந்தால் நீர் அவ்வளவு தேங்காது. ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தின் அடிமூலையிலும் நீர் ஓட ஒரு துளை வேண்டும். விட்டுவிட்டுப் போட்ட வெல்டின் இடைவெளியில் தூரிகை நுழையாது, ஈரம் நுழையும். ஆகவே நீர் தங்கும் மேல்விளிம்பில் இடைவிடாத வெல்டோ அடைப்பானோ தேவை. இவை யாவும் கோடு வரைவதற்குச் சில நிமிடமும், கட்டிய பின் திருத்துவதற்கு வாரங்களும் எடுப்பவை.

திட்டத்தின் நடுநாயகம் வேலையின் வரிசை. எஃகுப் படகின் உட்புறத்தில் குளிரும் வியர்வையும் வராமல் இருக்கப் பாலியூரித்தேன் நுரை தெளிப்பது வழக்கம். அந்த நுரை ஏறிய தகட்டின் மறுபக்கம் வெல்டிங் பொறி பட்டால் நுரை கருகி நச்சுப்புகை கிளம்பும்; தீயும் பற்றலாம். ஆகவே நுரைக்கு முன்பே எல்லா வெல்டிங்கும் முடிய வேண்டும்: எஞ்சின் படுக்கை, தொட்டித் தாங்கிகள், மரச்சட்டம் திருகும் காதுகள், கைப்பிடிகளின் அடிகள், ஒயர் கொண்டுபோகும் தட்டுகள், கழிப்பறைக் குழாயின் துளை வரை. கட்டிலின் தலை எந்தப் பக்கம் என்று தெரியாமல் இந்தக் காதுகளை எங்கே ஒட்டுவது? எஃகின் அழகே வேலை நடக்கும்போது மனம் மாறினாலும் அறுத்து ஒட்டலாம் என்பதுதானே என்று அனுபவமுள்ள வெல்டர்கள் சொல்வதுண்டு. பூச்சுக்கும் நுரைக்கும் முன்வரை அது முழு உண்மை. அதன்பின் ஒவ்வொரு புதிய வெல்டும் உட்புறத்தில் ஒரு கையகலப் பூச்சை எரித்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துருவுக்கு வாசல் திறக்கிறது.

கூட்டைத் தாமே வெல்டு செய்ய வேண்டுமா என்ற கேள்விக்கு எப்போதும் ஆம் என்று சொல்ல முடியாது. மெல்லிய பக்கத்தகட்டில் ஒரே இடத்தில் சூடு ஏற்றினால் தகடு இழுத்துக்கொண்டு, பட்டினி கிடந்த மாட்டின் விலாபோலச் சட்டங்கள் வெளியே தெரியும். எல்லாப் பகுதிகளையும் முதலில் புள்ளிப்புள்ளியாகப் பிடித்துவைத்து, இடமும் வலமும் மாறி மாறி, சிறு நீளங்களில் இட்டால் இதைத் தவிர்க்கலாம். கணினி வழியில் வெட்டி எண்ணிட்ட தகட்டுத் தொகுதிகள் இன்று கிடைப்பதால் அளவுப் பிழை வெகுவாகக் குறைந்திருக்கிறது. மாறாக, நெதர்லாந்துப் பட்டறைகளில் காஸ்கோ என்னும் வெறுங்கூட்டைச் செய்வித்து வாங்கி உள்வேலையை மட்டும் தாமே செய்வோரும் உண்டு. கூடு என்பது மொத்தச் செலவில் பொதுவாக நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான். கூடு எழுந்ததும் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது என்று தோன்றுவது கண்ணின் மயக்கம். வேலை மொத்தம் 4,000 மணி நேரம் என்று வைத்து, வாரம் 12 மணி நேரம் ஒதுக்கினால் ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கொட்டகை வாடகையை அத்தனை ஆண்டுக்கும் கணக்கில் எழுத வேண்டும். முடிந்த படகைத் தூக்கும் கிரேன் உள்ளே வர வழி இருக்கிறதா என்பதையும்தான்.

சட்டம் சொந்தக் கட்டுநருக்கு ஓரளவு இடம் கொடுக்கிறது. 2.5 முதல் 24 மீட்டர் வரையிலான படகுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013/53 நெறிமுறை பொருந்தும். தம் பயன்பாட்டுக்காகக் கட்டிய படகை, பயன்படுத்தத் தொடங்கிய நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் சந்தையில் விற்காவிட்டால் விலக்கு உண்டு. இடையில் உடல்நலமோ பணநிலையோ மாறி விற்க நேர்ந்தால் கட்டிய பின்னான மதிப்பீடு தேவைப்படும். அதற்கு வரைபடங்கள், எடைப்பட்டியல், நிலைத்தன்மைக் கணக்கு எல்லாம் கையில் இருக்க வேண்டும். விற்கும் எண்ணமே இல்லாதவரும் நெறிமுறையின் அளவுகோல்களைப் பின்பற்றுவது நல்லது. காற்று 8ஆம் விசை வரை, அலை 4 மீட்டர் வரை என்ற பி வகைக்காகக் கட்டுகிறோமா, காற்று 6ஆம் விசை, அலை 2 மீட்டர் என்ற சி வகையே போதுமா என்ற கேள்வி சன்னல் கண்ணாடியின் கனத்தைக்கூட மாற்றும்.

எஞ்சியிருப்பது எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம்: நெதர்லாந்தில் நல்ல பழைய எஃகுக் குரூசர்கள் விற்பனைக்கு இருக்கும்போது புதிதாக ஏன் கட்ட வேண்டும்? பணத்தை மட்டும் பார்த்தால் இதற்குப் பதில் இல்லை. சொந்தமாகக் கட்டிய படகு போட்ட பணத்தைத் திருப்பித் தருவது அரிது. பயணம் மட்டுமே நோக்கம் என்றால் பழைய படகை வாங்கலாம். வாங்குமுன் கரையேற்றி, மீயொலிக் கருவியால் தகட்டின் கனத்தை அடிப்பகுதி முழுக்க அளக்கச் செய்யுங்கள். தாழ்ந்த பாலத்தடியில் நுழையும் உயரம், சக்கர நாற்காலி போகும் அகலம், நெடுங்காலக் குடியிருப்புக்கான அறை என்று சந்தையில் கிடைக்காத ஒன்று உண்மையிலேயே தேவைப்படுபவர் கட்டலாம். அவர் முதலில் பணம் கொடுக்க வேண்டியவர் தகடு வியாபாரி அல்ல, படகு வடிவமைப்பாளர்.