நேர்ச்சையாய்ப் பிறந்த நாடகம்



தவக்காலம் பிறந்து இரண்டு வாரம் கழிந்துவிட்டால் நமது பங்குமனை முற்றத்தில் மாலைதோறும் ஒரு கூட்டம் கூடுவதை நீங்கள் அறிவீர்கள். பாஸ்கா நாடகத்தில் யாருக்கு என்ன வேடம் என்பதே அங்கு பேச்சு. இயேசுவாக நடிக்க நான்கு பேர் முன்வருவார்கள். பிலாத்துவாக நடிக்க, மீசை வைத்த அத்தனை பேருக்கும் ஆசை. யூதாசாக நடிக்க மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கடைசியில் யாரேனும் ஒரு தம்பியை வற்புறுத்தி இணங்க வைக்கிறோம். அவரை ஊரார் அடுத்த பாஸ்கா வரை அந்தப் பெயராலேயே கூப்பிடுகிறார்கள்!

யூபிலி மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது இந்தக் காட்சிதான் நம் மனக்கண்முன் வந்தது. பக்தி நாடகத்தில் நடிப்பவர் அனுபவிப்பது என்ன? அந்த வேடம் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது? இதற்கு விடை தேடி நாம் வெகுதூரம், செருமனி நாட்டின் பவேரிய மலைச்சாரல்வரை போக வேண்டியிருக்கிறது.

பீடத்தருகே பிறந்த கலை

முதலில் ஓர் உண்மையை நினைவில் கொள்வோம். ஐரோப்பாவில் பண்டைய கிரேக்க, உரோமை நாடகங்கள் மறைந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின் நாடகக் கலை மீண்டும் தளிர்விட்ட இடங்களில் முதன்மையானது நம் திருச்சபையின் பீடமே. பத்தாம் நூற்றாண்டில் துறவற மடங்களில் உயிர்ப்புப் பெருவிழா அதிகாலையில் ஒரு சிறு காட்சி நடைபெறும். இங்கிலாந்தின் வின்செஸ்டர் ஆயர் எத்தல்வோல்டு காலத்தில், அதாவது 970-ஆம் ஆண்டுகளில், எழுதப்பட்ட மடத்து ஒழுங்குகளில் இதன் விவரம் இருக்கிறது. வெண்ணுடை தரித்த துறவி ஒருவர் கையில் குருத்தோலையுடன் கல்லறைபோல் அமைந்த இடத்தில் அமர்ந்திருப்பார். வேறு மூவர் தூபக் கலசம் ஏந்தி, எதையோ தேடுகிறவர்களைப்போல் தயங்கித் தயங்கி வருவார்கள். யாரைத் தேடுகிறீர்கள் என்ற கேள்வியும் அதற்கான விடையும் இலத்தீன் மொழியில் பாட்டாகவே நடக்கும். அங்கே பாட்டுத்தான் வசனம். பார்த்துக்கொண்டிருப்பவர்களும் பாடத் தெரிந்த துறவிகள்தாம்.

பின்னர் இக்கலை கோவிலை விட்டு வீதிக்கு இறங்கியது. யார்க் நகரில் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா அன்று வண்டிகளே மேடைகளாயின. உலகப் படைப்பு முதல் இறுதித் தீர்வை வரையிலான காட்சிகள் தெருத்தெருவாக நகர்ந்து வந்தன. நோவாவின் பேழையைக் கட்டும் காட்சி கப்பல் கட்டுவோருக்கு. இறுதி இராவுணவு ரொட்டி சுடுவோருக்கு. சிலுவையில் அறையும் காட்சி ஆணியும் ஊசியும் செய்வோருக்கு! அவரவர் தொழிலே அவரவர் வேடமாயிற்று. பார்ப்பவன் தன் வீட்டு வாசலில் நிற்கிறான். பாடுகளின் வரலாறு அவன் தெருவுக்கே வருகிறது. மேடைக்கும் மக்களுக்கும் நடுவே கோடு எங்கே இருந்தது?

கல்லறைமேல் நின்ற மேடை

இத்தகைய நாடகங்களுள் இன்றுவரை உயிரோடு விளங்குவது ஓபரம்மர்காவ் என்னும் கிராமத்தின் திருப்பாடுகளின் நாடகம். அம்மர் ஆற்றங்கரையில் சுமார் ஐயாயிரம் பேர் வாழும் ஊர் அது. மரச்சிற்ப வேலைக்குப் பெயர்போனது.

1633-ஆம் ஆண்டு. முப்பதாண்டுப் போர் நாட்டைச் சூறையாடிக்கொண்டிருந்தது. போருக்குப் பின்னால் கொள்ளைநோயும் வந்தது. ஊர் எல்லையில் காவல் போட்டு வெளியார் நுழையாதபடி தடுத்திருந்தார்கள். அயலூரில் கூலி வேலை செய்துகொண்டிருந்த காஸ்பர் ஷிஸ்லர் என்னும் அவ்வூர்க்காரர், கோவில் திருவிழாவுக்குத் தம் வீட்டாரோடு இருக்க ஆசைப்பட்டுக் காவலைத் தாண்டி இரவோடிரவாக வந்துவிட்டார். நோயும் அவரோடு வந்தது என்பது அவ்வூர் மரபு. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைத்திருந்த ஊர்ப்பெரியோர் ஒன்றுகூடி, பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஆண்டவரின் திருப்பாடுகளை நடித்துக் காட்டுவதாக நேர்ந்துகொண்டார்கள். அன்றுமுதல் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை என்று சொல்லப்படுகிறது.

1634-ஆம் ஆண்டு தூய ஆவியார் பெருவிழாவின்போது முதல் நாடகம் நடந்தது. எங்கே தெரியுமா? கோவிலை அடுத்த கல்லறைத் தோட்டத்தில்! முந்தின ஆண்டு புதைத்த தம் மனைவி மக்களின் குழிகள் இருந்த அதே நிலத்தில் மேடை போட்டார்கள். அன்று மரியன்னையாக நின்று அழுதவருக்கு ஒத்திகை தேவைப்பட்டிருக்குமா, அன்பர்களே? ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அந்த இடத்திலேயே நாடகம் தொடர்ந்தது. 1680 முதல் பத்தில் முடியும் ஆண்டுகளில் நடத்தும் வழக்கம் ஏற்பட்டது. 1830-இல்தான் மேடை இன்றைய இடத்துக்கு மாறியது.

பாட்டும் பாட்டுக்காரரும்

பவேரிய அரசு 1770-இல் பாடுகளின் நாடகங்களைத் தடை செய்தது. இவ்வூரார் போராடி அனுமதி பெற்றனர். மறுபடியும் 1810-இல் தடை வந்தபோது, எட்டால் மடத்தைச் சேர்ந்த ஓத்மர் வைஸ் அடிகள், விவிலியத்தை ஒட்டிப் புதிய உரையாடல் எழுதிக் கொடுத்தார். அதற்கு இசையமைத்தவர் ஊர்ப் பள்ளி ஆசிரியரும் இசைக்குழுத் தலைவருமான ரோக்கஸ் டெட்லர் (1779–1822). கொள்ளைநோய்க்குப் பாதுகாவலராக நாம் வணங்கும் புனித ரோக்குவின் பெயரைத் தாங்கியவர் அவர். கொள்ளைநோயில் பிறந்த நாடகத்துக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்!

நாடகத்தின் நடுநடுவே பழைய ஏற்பாட்டுக் காட்சிகள் வரும். நடிகர்கள் அசையாமல் சித்திரம்போல் நிற்பார்கள்; பாடகர் குழு அதன் பொருளைப் பாடும். பாடுவோரும் வாத்தியம் இசைப்போரும் ஊராரே. பின்னர் 1845-இல் அங்கே பங்குத்தந்தையாக வந்த யோசேப்பு அலோய்ஸ் டைசன்பெர்கர் அந்த உரையாடலைத் திருத்தி எழுதினார். ஊரின் வரலாற்றை எழுதியவரும் அவரே. ஒரு பங்குக் குருவின் பேனா நூறாண்டுக்கும் மேலாக ஒரு மேடையை ஆண்டது என்று படிக்கும்போது, மன்றாட்டுகளைத் தவிர வேறொன்றும் எழுதாத நமக்குச் சற்றுப் பொறாமையாகவே இருக்கிறது.

குயவர் அந்தோனின் சிலுவை

நடிப்பவர்களின் வாழ்க்கையைப் பார்ப்போம். அங்கே பிறந்தவர்கள் அல்லது இருபது ஆண்டுகள் அங்கே குடியிருந்தவர்கள் மட்டுமே நடிக்கலாம். நாடக ஆண்டுக்கு முந்திய ஆண்டின் திருநீற்றுப் புதனன்று ஓர் அறிவிப்பு ஒட்டப்படும். அன்றிலிருந்து நடிகர்கள் முடியும் தாடியும் வெட்டக் கூடாது. உரோமைப் படைவீரருக்கு மட்டும் விலக்கு. பொய்த் தாடிக்கு அங்கே இடமில்லை. அஞ்சல்காரரும் தச்சரும் மாணவரும் ஓராண்டுக்கு மேல் யூத நாட்டு மக்களைப்போலவே தெருவில் நடமாடுவார்கள். வேடம் வீட்டுக்குள்ளும் வந்துவிடுகிறது.

1900, 1910, 1922 ஆகிய மூன்று முறையும் இயேசுவாக நடித்தவர் அந்தோன் லாங். மண்பாண்டம் வனையும் குயவர். நாடகம் பார்க்க வந்த திருப்பயணிகள் அவர் வீட்டிலேயே தங்குவதுண்டு. காலையில் விருந்தினரைக் கவனித்தவர் சற்று நேரத்தில் மேடையில் ஆண்டவராக நிற்பார்! மேடைக்கோ அந்நாளில் கூரை கிடையாது. பார்ப்பவர்கள் நனையாமல் இருக்க, நடிப்பவர்கள் மலைநாட்டு மழையிலும் குளிரிலும் நின்றார்கள். சிலுவையில் தொங்கும் காட்சி மட்டும் ஏறக்குறைய இருபது நிமிடம்.

முதல் உலகப் போரின் இழப்புகளால் 1920-இல் நடக்க வேண்டிய நாடகம் 1922-க்குத் தள்ளிப்போயிற்று. செருமனியின் பணம் காகிதமாகிப்போன காலம் அது. 1923-இன் இறுதியில் லாங்கும் தோழர்களும் தாங்கள் செய்த மண்பாண்டங்களையும் மரச்சிற்பங்களையும் எடுத்துக்கொண்டு அமெரிக்கா சென்று விற்றார்கள். கைவேலையை விற்றுப் பிழைத்தார்களேயன்றி, நேர்ச்சையைக் கடல் கடந்து கொண்டுபோய் விற்கவில்லை. முதுமையில் லாங் இயேசுவாக நடிக்கவில்லை. முன்னுரை கூறுபவராக மேடையேறினார். ஒருவர் விலகி இன்னொருவருக்கு இடம் விடுவதும் நடிப்புக் கலையின் ஒரு பகுதிதானே!

கூட்டத்தில் நாம் யார்?

இனிச் சொல்லப்போவது கசப்பானது. ஆனால் யூபிலி ஆண்டு என்பது நன்றிக்கு மட்டுமன்று, மனமாற்றத்துக்கும் உரியது, ஆகவே மறைக்கலாகாது.

நாம் குருமடத்தில் பயின்ற நாள்களில் ஒரு கிராமத்தில் பாஸ்கா நாடகம் போட்டோம். நம் குரல் உரத்த குரல் என்பதால் இயேசுவைக் கொல்லக் கேட்டுக் கூக்குரலிடும் கூட்டத்தில் முன்வரிசை நமக்குக் கிடைத்தது. தொண்டை கட்டும்வரை கத்தினோம். நாடகம் முடிந்ததும் ஒரு சிறுமி அருகில் வந்து, “பிரதர், நீங்க ஏன் இயேசுவைக் கொல்லச் சொன்னீங்க?” என்று கேட்டாள். “அது நான் இல்லம்மா, யூதர்கள்” என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டோம். எவ்வளவு எளிதாக வாயில் வந்த பதில்!

அந்த எளிய பதில்தான் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக ஒரு மக்களினத்தின்மேல் பழியாக விழுந்தது. 1900-ஆம் ஆண்டு ஓபரம்மர்காவ் நாடகத்தைப் பார்த்த பிலடெல்பியா நகர யூத ராபி யோசேப்பு கிராஸ்கோப், தம் இனத்தாரை அது காட்டும் விதத்தை மறுத்து மறு ஆண்டே ஒரு நூல் எழுதினார். கேட்பார் இல்லை. 1934-இல் முந்நூறாம் ஆண்டுச் சிறப்பு நாடகத்துக்கு ஹிட்லரே வந்து அமர்ந்தார். பின்னொரு நாள், யூதர்மீது வெறுப்பை வளர்க்க உதவும் என்பதற்காகவே அதைப் பாராட்டவும் செய்தார். அவ்வாண்டின் முக்கிய நடிகர் பலர் நாசிக் கட்சியில் சேர்ந்திருந்தார்கள். இயேசு பெருமானும் அவர் தாயாரும் பன்னிரு திருத்தூதரும் யூதர்களே என்பது மேடையிலேயே மறந்துபோயிற்று. அன்பானவர்களே, தாடி வளர்ந்தது, மனம் வளரவில்லை!

1965-ஆம் ஆண்டு அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், ஆண்டவரின் பாடுகளுக்கான பழியை அன்றைய யூதர் அனைவர்மேலோ இன்றைய யூதர்மேலோ சுமத்தலாகாது என்று தெளிவாகப் போதித்தது. மூனிக் பேராயர் கர்தினால் டோப்னர் நாடகத்தைத் திருத்தும்படி வற்புறுத்தினார். ஆனாலும் 1970-இல் பழைய உரையாடலே பெரும்பாலும் மேடையேறியது. அமெரிக்க யூத அமைப்புகள் நாடகத்தைப் புறக்கணிக்கக் குரல் எழுப்பின. பழக்கத்தை மாற்றுவது மலையைப் பெயர்ப்பதைவிடக் கடினம் என்பதைப் பங்குப் பேரவைகளில் அமர்ந்த எவரும் அறிவர்!

மாற்றம் உள்ளூர் இளைஞர் ஒருவரால் வந்தது. மரச்சிற்பியாகப் பயின்ற கிறிஸ்தியான் ஷ்டூக்கல் முப்பது வயது நிரம்புமுன் இயக்குநராகி 1990-இல் தம் முதல் நாடகத்தை நடத்தினார். திருமணமான பெண்களும் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களும் நடிக்கக் கூடாது என்றிருந்த தடை, அவ்வூர்ப் பெண்கள் தொடுத்த வழக்கால் அதே ஆண்டில் நீங்கிற்று. 2000-ஆம் ஆண்டு நாடகத்தில், பழியை வருங்காலப் பிள்ளைகள்மேல் ஏற்றும் கூட்டத்தின் குரல் நீக்கப்பட்டது. இயேசு எபிரேய மொழியில் செபித்தார். கூட்டத்தில் அவருக்காகப் பரிந்து பேசும் குரல்களும் ஒலித்தன. முக்கிய நடிகர்களை எருசலேமுக்கு அழைத்துச் சென்று, யூதர் வாழ்வையும் பட்ட துன்பத்தையும் நேரில் காணச் செய்வதும் பயிற்சியின் பகுதியாயிற்று.

மறுபடியும் ஒரு கொள்ளைநோய்

2019-ஆம் ஆண்டு திருநீற்றுப் புதனன்று ஊரார் முடி வளர்க்கத் தொடங்கினார்கள். ஓராண்டு வளர்ந்தபின், 2020 மார்ச்சில், கொரோனா நோயால் நாடகம் இரண்டாண்டு தள்ளிவைக்கப்பட்டது. கொள்ளைநோய்க்கு நன்றியாகப் பிறந்த நாடகத்தை மற்றொரு கொள்ளைநோய் நிறுத்தியது! தாடிகள் மழிக்கப்பட்டன. 2021-இல் திருநீற்றுப் புதனன்று மீண்டும் வளர்க்கத் தொடங்கினார்கள். 2022-இல் நூற்றுக்கும் மேற்பட்ட முறை நாடகம் நடந்தது. இயேசுவாக மாறி மாறி நடித்த இருவருள் ஒருவர் ரோக்கஸ் ரூக்கல் என்னும் கல்லூரி மாணவர். மீண்டும் அதே புனிதரின் பெயர். யூதாசாக நடித்த இருவருள் ஒருவர் துருக்கியக் குடும்பத்தில் பிறந்த செங்கிஸ் கோரூர் என்னும் இசுலாமிய இளைஞர். யாரும் வேண்டாத வேடத்தை அவர் மனமுவந்து ஏற்றார். அடுத்த நாடகம் 2030-இல்.

நமக்கு ஒரு பாடம்

அன்பு இறைமக்களே! நம் பாஸ்கா நாடகம் ஓபரம்மர்காவ் அளவுக்குப் பெரிதன்று. நம்மிடம் நான்காயிரம் இருக்கைகள் கொண்ட அரங்கம் இல்லை. கோவில் முற்றமும், வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கியும், பழைய வேட்டியில் தைத்த அங்கிகளுமே உண்டு. ஆனால் கேள்வி ஒன்றே. கூட்டத்தில் நின்று கத்தும்போது நாம் யாரைச் சுட்டுகிறோம்?

அன்று அந்தச் சிறுமி கேட்டதற்கு உரிய விடையை நாம் வெகுகாலம் கழித்தே கண்டுகொண்டோம். “ஆமாம் அம்மா, நான்தான் கத்தினேன்” என்று சொல்லியிருக்க வேண்டும். பாவிகளாகிய நமக்காக ஆண்டவர் பாடுபட்டார் என்று திருப்பலிதோறும் அறிக்கையிடும் நாம், நாடகத்தில் மட்டும் பழியைப் பிறர் தலையில் வைப்பது எப்படி?

ஆதலால் வரும் தவக்காலத்தில் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, நாடகத்துக்கு முன் அதை நடிக்கும் அனைவரும் ஒப்புரவு அருட்சாதனம் பெற்று வாருங்கள். வசனத்தை மனப்பாடம் செய்வதைவிட அது முக்கியம். இரண்டாவது, யூதாசாக நடிக்கும் தம்பியை நாடகம் முடிந்ததும் அவருடைய ஞானஸ்நானப் பெயரால் கூப்பிடுங்கள். அவர் சுமந்ததும் ஒரு சிலுவையே. இவ்வாண்டு அந்த வேடத்துக்கு ஒருவரும் முன்வராவிட்டால், பங்குத்தந்தையே ஏற்பதாக நேர்ந்துகொண்டிருக்கிறோம். தாடிக்கு மட்டும் இப்போதே வளர்க்கத் தொடங்க வேண்டும்!

இறைவன் நம் பங்கையும், நம் நாடகக் குழுவையும், நம் இல்லங்களையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.