காவாயில் வந்த சவுக்கு விறகு

திருமயிலையில் பறக்கும் ரயிலை விட்டு இறங்கும்போதெல்லாம் கீழே ஒருமுறை எட்டிப் பார்ப்பேன். கறுத்த சாக்கடை. அதில் காலூன்றி நிற்கும் தூண்கள். கேளம்பாக்கத்தில் பிறந்த என் ஆயா, சிறுமியாக முதன்முதலில் மயிலாப்பூருக்கு வந்தது இந்தத் தண்ணீர் வழியாகத்தான். சவுக்கு விறகு ஏற்றிய படகில், விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்து. கால்வாய் என்று அவர் சொல்லிக் கேட்டதே இல்லை. காவாதான்.

இந்தக் கால்வாயைச் சென்னையிலிருந்து எண்ணூருக்கு 1806-இல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் முதலில் வெட்டினார். பிறகு வடக்கே ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் வரைக்கும் தெற்கே மரக்காணம் வரைக்கும் நீண்டு, 420 கி.மீ. ஆயிற்று. நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. துண்டு மட்டும் தாது வருஷப் பஞ்சத்தின்போது வெட்டியது. பசியில் ஊரைவிட்டு வந்தவர்கள் நிவாரணக் கூலிக்குத் தோண்டிய மண் அது. 1878-இல் கால்வாய்க்கு அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். கூடை சுமந்தவர்களில் ஒருவர் பெயர்கூட அந்தக் கரையில் இல்லை. எனக்கு இது இன்றும் ஆறாத குறை.

படகு எப்படிப் போனது என்று கேட்டால் ஆயாவின் குரல் மாறிவிடும். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் கழி ஊன்றித் தள்ளுவார்கள். அதுவும் ஆகாதபோது, நீளக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் கரையோடு நடந்து இழுப்பார்கள். ராத்திரியெல்லாம் நடை. "அந்த ஆளுங்க தோளப் பாக்கணும்டா, மாட்டுக் கழுத்து மாதிரி காச்சிக் கெடக்கும்" என்பார். பாரதிதாசனும் இந்த வழியாகப் படகில் மாமல்லபுரம் போனார். 'மாவலிபுரச் செலவு' என்ற அவருடைய கவிதையில், படகை இழுத்துச் செல்லும் உழைப்பாளிகளின் பாடு பதிவாகியிருக்கிறது. அதைப் படித்துக் காட்டியபோது ஆயா வெகுநேரம் பேசவில்லை.

விறகு, உப்பு, சுண்ணாம்புக்கான கிளிஞ்சல், நெல் எல்லாம் இதில் வந்தன. சென்ட்ரலை ஒட்டிய சால்ட் கோட்டர்ஸ் சரக்கு நிலையத்தின் பெயரில் இருப்பது நம்முடைய 'கொட்டாரம்'. உப்பைக் குவித்துவைத்த இடம். ஊர் மறந்தாலும் பெயர் மறக்கவில்லை.

லாரி வந்ததும் படகுக்கு வேலை குறைந்தது. 1965, 1966 புயல்களில் கரைகள் சிதைந்தன, தூர் ஏறியது, சாக்கடையைத் திருப்பிவிட்டார்கள். கடைசியில் பறக்கும் ரயிலின் தூண்களை அதன் நடுவிலேயே நட்டார்கள். 1997-இல் ரயில் திருமயிலைக்கு வந்தது. நானும் தினமும் அதில்தான் போகிறேன். ஆனாலும் பக்கத்தில் நிலம் எடுக்கத் தயங்கி, ஓடும் தண்ணீரின் மார்பில் தூண் நட்டது தவறு என்றே சொல்வேன். மழைக்காலத்தில் வெள்ளம் வடிய வழியில்லாமல் திணறும்போது அது தெரிகிறது.

2008-இல் இந்தக் கால்வாயை 4-ஆம் தேசிய நீர்வழியில் சேர்த்து அறிவித்தார்கள். சட்டத்தின் கணக்கில் இது இன்னும் படகு போகும் பாதை. அடுத்தமுறை பறக்கும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், கைப்பேசியை வைத்துவிட்டுக் கொஞ்சம் கீழே பாருங்கள்.