பச்சையப்ப முதலியார் உயிலும் அறம் நின்ற வரலாறும்

பொருளுடையான் ஒருவன் தன் வாழ்நாளிலேயே ஒரு பகுதியைப் பிரித்து அறத்துக்கென உரிமையாக்கி விடுதல் ஒன்று. தன் காலத்துக்குப்பின் இன்னது இன்னார்க்கு என எழுதி வைத்துப் போதல் மற்றொன்று. முன்னதனை இக்காலத்தார் டிரஸ்டு என்பர். பின்னதனை உயில் என்பர். முன்னது நம்மவர்க்குப் பழம்பொருள். பின்னது, பெயரே காட்டுமாறு, ஆங்கிலேயரோடு கடல் கடந்து வந்தது. இவ்விரண்டும் ஒரு சைவச் செல்வர் வரலாற்றில் எங்ஙனம் வந்து கூடின என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்களைக் கண்டவர் நொந்தா விளக்கு நிவந்தங்களை அறிவர். ஒரு விளக்குக்கு ஆடு தொண்ணூற்றாறு, பசுவாயின் நாற்பத்தெட்டு, எருமையாயின் பதினாறு. இவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாடோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். இங்ஙனம் விடப்பட்ட ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு சாவாதோ, மூவாதோ எனின், சாகும், மூக்கும். குட்டிகள் ஈடுசெய்து வருதலின் தொகை குன்றாது. முதல் கெடாமல் ஊதியத்தால் அறம் நடத்துக என்னும் கருத்தை இதனினும் செவ்விதாய் எந்தச் சட்ட நூலார் உரைத்தார்? விட்ட ஆட்டின்மேற் கொடுத்தவனுக்கும் உரிமையில்லை, மேய்ப்பவனுக்கும் உரிமையில்லை. டிரஸ்டு என்பதன் உயிர்நிலை இதுவேயாம்.

உயில் மட்டும் ஏன் தோன்றிற்றிலது? குடும்பச் சொத்திற் பிறப்பினாலேயே புதல்வர்க்குப் பங்கு உண்மையின், தந்தை இறுதியில் எழுதி வைத்தற்கு இடம் சிறிதாயிற்று. புதல்வரில்லார் சுவீகாரம் செய்துகொண்டனர். 1829-ஆம் ஆண்டுச் சென்னை இராசதானியின் ஐந்தாம் ரெகுலேஷனே, உயில் என்பது இந்து தருமநூல் அறியாத ஒன்று எனக் கூறிற்று. ஆயின் அதற்கு முப்பத்தைந்தாண்டு முன்னரே சோழநாட்டில் ஒரு தமிழர் அதனை எழுதிவிட்டார்.

அவரே பச்சையப்ப முதலியார். 1754-இல், தந்தையார் இறந்தபின் பிறந்தவர். பவுனி நாராயண பிள்ளை என்பாரது ஆதரவில் வளர்ந்து, துபாஷித் தொழிலிற் பெரும்பொருள் ஈட்டியவர். சிவபத்தி மிக்கவர். 1794-ஆம் ஆண்டு மார்ச்சு 22-இல், நோய்வாய்ப்பட்ட நிலையில், தம் செல்வத்தைச் சிவாலய வழிபாடு முதலிய அறங்களுக்கு ஆக்கி உயில் வரைந்தார். அதே மார்ச்சு 31-இல் திருவையாற்றில் சிவபதமடைந்தார். வயது நாற்பது. உயிலுக்கும் முடிவுக்கும் இடையே நின்றவை ஒன்பது நாட்களே!

பின்னர் நிகழ்ந்தது வருந்தத்தக்கது. உரிமை தமதெனப் பலர் எழுந்தனர், வழக்குமேல் வழக்காயிற்று. அறம் எழுத்தளவில் இருந்தது; கோயில்களுக்குச் சேரவேண்டுவது சேரவில்லை; வட்டி மட்டும் வளர்ந்தது. 1801-இல் ஏற்பட்ட சென்னை சுப்ரீம் கோர்ட்டில், அட்வொகேட் ஜெனரலாயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் துரை இதனை விடாது முயன்றார். கோயிலறங்களுக்கு வேண்டுவதை ஒதுக்கி, மிகுந்ததைக் கல்விக்கு ஆக்குக என முடிவாயிற்று. எழுதியவர் கருதிய அறத்துக்குச் செலவிட்டு எஞ்சியதை அதற்கு அணுக்கமான அறத்திற் செலுத்துதல் ஆங்கில நீதிமன்றத்தார் கொள்கை. அதன்படி 1842-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிற் சென்னையிற் பச்சையப்பன் பாடசாலை தொடங்கிற்று. உயில் எழுதி நாற்பத்தெட்டாண்டு கழிந்திருந்தது. அது பின்னர்க் கல்லூரியாய் 1940-இற் சேத்துப்பட்டுக்குப் பெயர்ந்தது.

கோயிற் பொருள் ஆங்கிலக் கல்விக்குப் போயிற்றே என மடத்துப் பாடசாலையிற் பயின்ற நாளில் வெறுத்துப் பேசினாருள் யாமும் ஒருவரே. இன்று அத்துணைக் கடுமையாக உரையோம். அவ்வுயில் எழுத்தில் இராதாயின், கோயிலுமின்றிக் கல்வியுமின்றி அப்பொருள் முழுதும் கரைந்து போயிருக்கும். எனினும் நாற்பத்தெட்டாண்டு திருவிளக்குக்குச் சேராத நெய்க்கு விடை சொல்வார் யார் என்னும் வினா எம்மை விட்டபாடில்லை.

1870-ஆம் ஆண்டு இந்து உயிற் சட்டம் சென்னை முதலிய நகரங்களுக்கு முறை வகுத்தது. 1927 சனவரி முதலாக எழுதப்படும் இந்துக்களின் உயில் எல்லாவற்றுக்கும் அம்முறையே வந்தது. எழுதுவோன் கையொப்பமேனும் கைக்குறியேனும் இடுதல் வேண்டும். அதனைக் கண்ட சாட்சியர் இருவர் அவன் முன்னிலையிற் கையொப்பமிடல் வேண்டும். பதிவு செய்தல் நன்றாயினும் கட்டாயமன்று. புரொபேட்டு என்பது, இஃது இன்னாரது இறுதி உயிலே என நீதிமன்றம் முத்திரையிட்டுத் தருவது. அதனைப் பெற்ற மாத்திரத்தே நிலம் தமதாயிற்றென மகிழ்வாருளர். அது பிழை, உயிலின் மெய்ம்மையை அது நாட்டுமேயன்றி, எழுதியவனுக்கு அந்நிலத்தில் உரிமை இருந்ததென நாட்டாது.

அன்பர்கள் கருதவேண்டியது பிறிதொன்றுமுண்டு. பம்பாய்ப் பக்கத்து உயில் ஒன்றில் பொருள் ‘தருமத்துக்கு’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. 1899-இல் இலண்டன் பிரிவி கௌன்சிலார், அச்சொல் எதனைக் குறிக்குமென வரையறுக்கலாகாதெனச் சொல்லி அக்கொடையைத் தள்ளினர். நமக்கோ அச்சொல்லினும் தெளிவான சொல் இல்லை! ஆயினும் எக்கோயில், எப்பூசை, எவ்வளவு பொருள், யார் நடத்துவார், அவர்க்குப்பின் யார் என்று எழுதிவிடுதலே தக்கது. தஞ்சைக் கல்வெட்டில் ஆடு பெற்ற இடையர் பெயர்கூட விடுபடவில்லை.

எம்மூரில் முதியவர் ஒருவர் சிவாலயத்தில் நந்தா விளக்கு ஒன்றுக்கு அரை வேலி நிலம் எழுதினார். வாசகம் அமைத்துத் தந்தவர் யாமே, முதற்சாட்சியும் யாமே. இரண்டாமவர் வெளியூர் சென்றிருந்தார். நாளை வரட்டும் என்றிருந்துவிட்டோம். அன்றிரவே முதியவர் இறைவனடி சேர்ந்தார். மூத்த மகனார் நல்லவர். தந்தை விருப்பம் எனக்கொண்டு மூன்றாண்டு நெய் அளித்து வந்தார். பின் உடன்பிறந்தார் பாகம் கேட்டனர். வக்கீலிடம் யாமே அக்காகிதத்தைக் கொண்டுசென்று காட்டினோம். அவர் ஒரு கையொப்பத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். காகிதம் இன்னும் எம்மிடத்தில் உள்ளது.